வலிமை என்று சொல்லி அறிவை மறுத்தல்: ரொமேலு லுகாகுவின் ஆட்டமும் ஐரோப்பியக் கால்பந்தின் நிறவெறியும்

2025 மே 23 அன்று நேப்பிள்ஸ் நகரின் மரடோனா மைதானத்தில் காலியாரி அணியை 2-0 என்ற கணக்கில் வென்று, நாப்போலி அணி இத்தாலியின் முதல்நிலை லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டாவது கோலை அடித்தவர் பெல்ஜியத்தின் முன்கள வீரர் ரொமேலு லுகாகு. நெடுந்தொலைவிலிருந்து வந்த பந்தை வாங்கி, தம்மை நெருக்கிய தடுப்பாட்டக்காரர்களைத் தோளால் விலக்கி, இடதுகாலால் அவர் அடித்த அந்தக் கோலோடு பட்டம் உறுதியானது. அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் 14 கோல்களை அடித்ததோடு, சக வீரர்கள் அடித்த 10 கோல்களுக்கும் அவரே பந்தை அளித்திருந்தார். 2021இல் இண்டர் மிலான், 2025இல் நாப்போலி என இரு வேறு அணிகளோடு இத்தாலியப் பட்டத்தை வென்றவர் அவர்.

அன்று எதிரணியாக நின்ற காலியாரியின் பெயர் இந்த வீரரின் வாழ்வில் முன்பே ஒரு முறை பதிவாகியிருக்கிறது. 2019 செப்டம்பர் 1 அன்று, இண்டர் அணிக்காகக் காலியாரியின் மைதானத்தில் அவர் பெனால்டி அடிக்க ஆயத்தமானபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து குரங்கொலி எழுந்தது. அவர் பந்தை வலைக்குள் செலுத்திவிட்டு, ஒலி வந்த திசையை நோக்கி அசையாமல் நின்றார். அதே மாதத்தில் லீக்கின் ஒழுங்கு நடுவர் காலியாரி சங்கத்தின்மீது எவ்வித நடவடிக்கையும் தேவையில்லை என முடிவு செய்தார். எழுந்த கூச்சலை இனப்பாகுபாடாகக் கொள்ள முடியவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை ஒரு விளையாட்டு வீரரின் தனிப்பட்ட ஏற்றத்தாழ்வாக மட்டும் படிப்பது போதாது. ஒரு கருப்பின உழைப்பாளியின் உடலைப் பயன்படுத்திக்கொள்ளும் சமூகம், அந்த உடலுக்குள் இயங்கும் அறிவை எப்படிக் காண மறுக்கிறது என்பதை அறிய லுகாகுவின் ஆட்டம் நல்லதொரு சான்று. உடலுழைப்பு ஒருவருக்கு, சிந்தனை மற்றொருவருக்கு என்று பிறப்பின் அடிப்படையில் பகுத்துவைத்த நாட்டில் வாழும் நமக்கு அந்தச் சான்று அந்நியமானதன்று.

காங்கோவும் ஆண்ட்வெர்ப்பும்

லுகாகு 1993 மே 13 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்தார். தந்தை ரோஜர் லுகாகு, அன்று ஜயர் என்றழைக்கப்பட்ட காங்கோவின் தேசிய அணிக்காக ஆடியவர்; பெல்ஜிய லீக்கிலும் தொழில்முறை வீரராக இருந்தவர். தந்தையின் ஆட்ட வாழ்வு முடிந்ததும் குடும்பம் வறுமைக்குள் விழுந்தது. 2018 உலகக் கோப்பையின்போது வெளியான கட்டுரை ஒன்றில் அந்நாட்களைப் பற்றி லுகாகு விரிவாகவே எழுதினார். வாரம் முழுவதற்கும் பால் போதாமல் தாய் அதில் நீர் கலந்ததைத் தாம் ஆறு வயதில் கண்டதாகவும், வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகவும் அதில் கூறியிருந்தார். தமக்குப் பதினொரு வயதானபோது, எதிரணிச் சிறுவர்களின் பெற்றோர் தம் வயதையும் பிறந்த இடத்தையும் சந்தேகித்து அடையாளச் சான்று கேட்டதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பின்புலம் உண்டு. 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. ரப்பர் சேகரிக்க மறுத்தவர்களும், குறித்த அளவை எட்டாதவர்களும் கொடிய தண்டனைகளுக்கு ஆளாயினர்; கைகள் துண்டிக்கப்பட்ட மனிதர்களின் ஒளிப்படங்கள் அக்காலத்தின் சாட்சியங்களாக நிற்கின்றன. 1908க்குப் பின் பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடாக இருந்து, 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை பெற்றது. விடுதலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1958இல் பிரசெல்ஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில்கூடக் காங்கோ மக்கள் வேலிக்குள் காட்சிப் பொருளாக அமர்த்தப்பட்டனர். விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய எச்சமாக மிஞ்சிய ஒரே ஒரு பல் பெல்ஜியத்திலிருந்து குடும்பத்தாரிடம் 2022இல்தான் ஒப்படைக்கப்பட்டது. அரசர் பிலிப் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

காங்கோ மக்களின் உடலை உழைப்புக் கருவியாகவும் காட்சிப் பொருளாகவும் கையாண்ட நாட்டில்தான் லுகாகு பிறந்து பந்தாடினார். லியர்ஸ் அணியின் சிறுவர் பிரிவிலிருந்து 2006இல் ஆண்டர்லெக்ட் அணிக்குச் சென்றார். 2009 மே மாதம், பதினாறு வயது நிறைந்த சில நாட்களில், அந்த அணியின் முதல்நிலைப் பிரிவில் களமிறங்கினார். அடுத்த பருவத்தில் 15 கோல்களோடு பெல்ஜிய லீக்கின் முதன்மைக் கோலடிப்பாளரானார். ஆண்டர்லெக்ட் பட்டம் வென்றது.

இடத்தை உருவாக்கும் ஆட்டம்

2011இல் இங்கிலாந்தின் செல்சி அணி அவரை வாங்கியது. ஆனால் அங்கே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2012-13 பருவத்தில் வெஸ்ட் பிராம்விச் அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டு 17 லீக் கோல்களை அடித்தார். அவற்றுள் மூன்று, அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக வந்தவை. அந்த ஆட்டம் 5-5 எனச் சமனில் முடிந்தது. எவர்டன் அணியில் நான்கு பருவங்களில் 87 கோல்கள், மான்செஸ்டர் யுனைடெட்டில் இரண்டு பருவங்களில் 42 கோல்கள், இண்டர் மிலானில் முதல் இரண்டு பருவங்களில் 64 கோல்கள் என அவருடைய கணக்கு நீள்கிறது. பெல்ஜிய அணிக்காக 85க்கும் மேற்பட்ட கோல்களை அடித்து, அந்நாட்டின் வரலாற்றில் எவரும் எட்டாத இடத்தில் இருக்கிறார்.

எண்கள் இவ்வாறிருக்க, அவர் எப்படி ஆடுகிறார் என்பதை உற்று நோக்க வேண்டும். ஏறத்தாழ 1.91 மீட்டர் உயரமும் பருத்த உடலும் கொண்ட இடதுகால் ஆட்டக்காரர் அவர். இத்தகைய உடலமைப்புக் கொண்டவரை இலக்குக்கு அருகே நிறுத்தி, உயரத்தில் வரும் பந்துகளைத் தலையால் முட்டச் செய்வதே பயிற்சியாளர்களின் வழக்கம். லுகாகுவின் சிறந்த ஆட்டம் அங்கே வெளிப்படுவதில்லை. தடுப்பாட்டக்காரருக்கும் பக்கக்கோட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நோக்கி ஓடும்போதும், இலக்குக்கு முதுகைக் காட்டியபடி பந்தைக் காத்து நின்று பின்னால் வரும் தோழருக்கு விடும்போதும்தான் அவர் ஆட்டத்தின் போக்கை மாற்றுகிறார்.

2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரேசிலுக்கு எதிராகப் பயிற்சியாளர் ராபர்ட்டோ மார்ட்டினெஸ் அவரை வழக்கமான நடுவிடத்திலிருந்து அகற்றி வலப்பக்கத்துக்கு அனுப்பினார். பிரேசிலின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் மார்செலோ முன்னேறிச் செல்லும் இயல்புடையவர். அவர் விட்டுச் செல்லும் இடத்தைப் பயன்படுத்துவதே திட்டம். 31ஆம் நிமிடத்தில் லுகாகு தம் அணியின் பாதிப் பகுதியில் பந்தைப் பெற்றார். திரும்பி, எதிராளிகளைக் கடந்து நடுக்களம் முழுவதும் பந்தை நடத்திச் சென்று, சரியான கணத்தில் வலப்புறம் கெவின் டி புருய்னேயிடம் விட்டார். டி புருய்னே அடித்த பந்து வலைக்குள் சென்றது. பெல்ஜியம் 2-1 என வென்றது. ஒரு கணம் முன்னதாக விட்டிருந்தால் தடுப்பாளர்கள் திரும்பியிருப்பர். ஒரு கணம் தாமதித்திருந்தால் வழி அடைபட்டிருக்கும். அந்தக் கணத்தைத் தேர்ந்தது தசையன்று, மூளை.

அதற்கு நான்கு நாட்களுக்கு முன் ஜப்பானுக்கு எதிராக நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. இரண்டு கோல் பின்தங்கியிருந்த பெல்ஜியம் சமன் செய்துவிட்டது. ஆட்டத்தின் இறுதி நொடிகளில் வேகமான எதிர்த்தாக்குதல் தொடங்கியது. லுகாகு முதலில் நடுவை நோக்கி ஓடி, தம்மைக் காத்த தடுப்பாளரை உள்ளே இழுத்தார். அதனால் வலப்பக்கத்தில் தாமஸ் முனியேவுக்கு வழி திறந்தது. முனியே தாழ்வாகக் குறுக்கே அனுப்பிய பந்து லுகாகுவின் காலடிக்கு வந்தபோது, அவர் அதைத் தொடாமல் கடந்துபோக விட்டார். பின்னால் வந்த நாசர் சாட்லி அதை வலைக்குள் தள்ளினார். கோல் பட்டியலில் லுகாகுவின் பெயர் இல்லை. பந்தைக்கூடத் தொடாத அவர் ஒரே ஓட்டத்தில் இரண்டு வழிகளைத் திறந்திருந்தார். முன்னால் பார்த்தபடி ஓடிக்கொண்டே பின்னால் யார் வருகிறார் என்று அறிந்திருந்தால்தான் இது இயலும்.

2019இல் இண்டருக்கு வந்தபின் பயிற்சியாளர் அந்தோனியோ கோண்டேயின் கீழ் அவரது ஆட்டம் மேலும் முதிர்ந்தது. மூன்று தடுப்பாளர்கள், இரண்டு முன்கள வீரர்கள் என்ற அமைப்பில், நீண்ட பந்தை முதுகால் காத்து, அருகில் ஓடும் லவுத்தாரோ மார்ட்டினெஸுக்கு விடும் பணி லுகாகுவுடையது. எதிரணித் தடுப்பு முழுவதும் இவரைச் சுற்றித் திரள, மற்றவர்களுக்கு இடம் பிறந்தது. 2020-21இல் 24 லீக் கோல்களை அடித்தார். லீக்கின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து யுவெண்டஸ் வசமிருந்த பட்டம் இண்டருக்கு வந்தது.

பாராட்டுக்குள் படிநிலை

இவ்வளவு நுட்பமான ஆட்டத்தை ஐரோப்பிய வருணனை பெரும்பாலும் ஒரே சொல்லால் குறிக்கிறது: வலிமை. சில வேளைகளில் அது விலங்கின் பெயராகவும் இயந்திரத்தின் பெயராகவும் மாறுகிறது. இது பாராட்டுத்தானே, இதில் என்ன குறை என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்விக்குத் தரவுகளின்வழி விடை இருக்கிறது.

2020இல் ரன்ரிபீட் என்ற டென்மார்க் நிறுவனம், இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்துடன் இணைந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 2019-20 பருவத்தில் இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் லீக்குகளில் நடந்த 80 ஆட்டங்களின் ஆங்கில வருணனை அதில் ஆராயப்பட்டது. 643 வீரர்கள் குறித்த 2,073 கூற்றுகள் தொகுக்கப்பட்டன. உடல்வலிமையைப் பற்றி வருணனையாளர்கள் பேசும்போது அது கருந்தோல் வீரரைக் குறித்ததாக இருக்கும் வாய்ப்பு 6.59 மடங்கு மிகுதி. வேகத்தைப் பற்றியதில் 3.38 மடங்கு மிகுதி. மாறாக, ஆட்ட அறிவைப் பாராட்டும் கூற்றுகளில் 62.60 விழுக்காடு வெளிர்தோல் வீரர்களுக்கே வழங்கப்பட்டிருந்தது.

இவர்கள் குரங்கொலி எழுப்பிய ரசிகர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற, பண்பட்ட மொழியில் பேசும் வல்லுநர்கள். அவர்கள் எவரையும் இகழ எண்ணவில்லை. எனினும் அவர்களுடைய பாராட்டு நிறத்தின்படி பிரிந்து விழுகிறது. வெளிர்தோல் வீரர் ஓர் இடத்தைக் கண்டு ஓடினால் அது தொலைநோக்கு. கருந்தோல் வீரர் அதே இடத்தைக் கண்டு ஓடினால் அது வேகம். பழக்கத்தில் ஊறிய இந்தப் பாகுபாட்டுக்கு வெறுப்பு தேவையில்லை.

இதன் விளைவு புகழோடு முடிவதில்லை. வலிமை இயற்கை தந்ததாகக் கருதப்படுவதால் அதற்குப் பின்னாலுள்ள கற்றல் மறைக்கப்படுகிறது. அறிவுடையோர் என்று குறிக்கப்படுபவர்களே அணித்தலைவராகவும், பயிற்சியாளராகவும், நிர்வாகியாகவும் ஆகத் தக்கவர்கள் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. ஐரோப்பாவின் பெரும் லீக்குகளில் ஆடும் கருப்பின வீரர்கள் எத்தனை பேர், அங்கே பயிற்சியாளர் இருக்கையில் அமர்ந்திருக்கும் கருப்பினத்தவர் எத்தனை பேர் என்று ஒப்பிட்டால் இந்த எண்ணம் எங்கே கொண்டுசேர்க்கிறது என்பது புலப்படும். லுகாகுவோ பல நாடுகளின் லீக் ஆட்டங்களை இடைவிடாது பார்த்து ஆராய்பவர். பிரெஞ்சு, டச்சு, ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், லிங்காலா எனப் பல மொழிகளை அறிந்தவர். ஆட்டத்தைக் கற்பதில் அவர் செலுத்தும் இந்த உழைப்பு வருணனைக்குள் அரிதாகவே நுழைகிறது.

பாராட்டு எவ்வளவு தாழ முடியும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த ரசிகர்களே அவருடைய பிறப்புறுப்பைக் குறித்துப் பாட்டுக் கட்டி மைதானத்தில் பாடினர். பாகுபாட்டுக்கு எதிரான கிக் இட் அவுட் அமைப்பு அதைக் கண்டித்தது. தங்கள் வீரரைக் கொண்டாடுவதாகவே அந்த ரசிகர்கள் நினைத்தனர். கருப்பின ஆண் உடல் குறித்துக் குடியேற்ற ஆட்சிக்காலம் புனைந்த இழிகதையை அன்பின் பெயரால் மறுபடி பாடினர்.

நிறுவனங்கள் செய்வதென்ன

காலியாரி நிகழ்வுக்குப் பின் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போம். இண்டரின் தீவிர ரசிகர் குழுவான கூர்வா நோர்து, லுகாகுவுக்குத் திறந்த மடல் எழுதியது. காலியாரி ரசிகர்கள் நிறவெறியர்கள் அல்லர், எதிரணி வீரரைத் தடுமாறச் செய்வதற்கான உத்தியே அது, இத்தாலியின் வழக்கத்தை நீர் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இழிவுக்கு ஆளானவருக்கே இழிவின் பொருளை விளக்கினார்கள். 2018 டிசம்பரில் நாப்போலியின் காலிது கூலிபாலிமீது மிலான் நகரில் இனவெறிக் கூச்சல் எழுந்து, அதற்காக இண்டர் சங்கம் இரண்டு ஆட்டங்களைப் பார்வையாளர் இன்றி நடத்த வேண்டிய தண்டனைக்கு உள்ளாகியிருந்ததை நினைவில் கொண்டால், அந்த மடலின் நோக்கம் விளங்கும்.

அதே செப்டம்பரில் இத்தாலியத் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பேசிய ஒருவர், லுகாகுவைத் தடுக்க வேண்டுமானால் வாழைப்பழம் கொடுக்க வேண்டும் என்றார். அவர் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவரது பேச்சு தொடங்கியதே லுகாகுவின் ஆற்றலைப் புகழ்ந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் கொரியரே தெல்லோ ஸ்போர்ட் நாளிதழ், லுகாகுவின் படத்தையும் ரோமா அணியின் கிறிஸ் ஸ்மாலிங் படத்தையும் முதல் பக்கத்தில் அருகருகே வைத்து, அவர்களது தோல்நிறத்தைச் சுட்டும் வகையில் 'பிளாக் ஃபிரைடே' என்று தலைப்பிட்டது. எதிர்ப்பு எழுந்தபோது அது தீங்கற்ற தலைப்பு என்றே இதழ் வாதாடியது. சில நாட்களில் இத்தாலிய லீக்கே நிறவெறிக்கு எதிரான தன் பரப்புரையில் வண்ணம் தீட்டப்பட்ட குரங்கு முகங்களை ஓவியமாக வெளியிட்டது. நோயும் மருந்தும் ஒரே உருவத்தில் வந்தன.

2023 ஏப்ரல் 4 அன்று தூரின் நகரில் நடந்த இத்தாலியக் கோப்பை அரையிறுதி முதல் ஆட்டத்தில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. யுவெண்டஸ் ரசிகர்களின் இனவெறிக் கூச்சலுக்கு இடையே, கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை லுகாகு கோலாக்கினார். ஒரு கையால் வணக்கம் வைத்து, மறு கையின் விரலை உதட்டில் பதித்து, அசையாமல் நின்றார். நடுவர் அவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியேற்றினார். பார்வையாளரைத் தூண்டினார் என்பது குற்றம். கூச்சலிட்டவர்கள் இருக்கையில் இருக்க, அமைதியாக இருக்கச் சொன்னவர் மைதானத்தை விட்டு நீங்கினார்.

அவர்மீதான ஓர் ஆட்டத் தடையை எதிர்த்து இண்டர் செய்த மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. இறுதியில் இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் கப்ரியேலே கிராவினா, தமது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கருணையின் அடிப்படையில் அத்தடையை நீக்கினார். லுகாகு இரண்டாம் ஆட்டத்தில் ஆட முடிந்தது. இம்முடிவை வரவேற்றாலும், அதன் வடிவத்தை நாம் கேள்வி கேட்க வேண்டும். விதி அவரைக் குற்றவாளியாகவே வைத்திருந்தது. ஒருவரின் நல்லெண்ணம்தான் அவரை விடுவித்தது. உரிமையாக வர வேண்டிய நீதி சலுகையாக வந்து சேர்ந்தது.

சட்டம் தன் கடமையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் ஒரு முன்மாதிரி உண்டு. 2023 மே மாதம் வலென்சியா மைதானத்தில் பிரேசில் வீரர் வினீசியஸ் ஜூனியரை இனவெறியோடு இழித்த மூவருக்கு, 2024 ஜூனில் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கால்பந்து மைதான இனவெறி இழிவுரைக்காக அந்நாட்டில் வந்த முதல் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு வரும்வரை, வினீசியஸ் எளிதில் சினம் கொள்பவர் என்பதே அங்கே பெரும் விவாதப் பொருளாக இருந்தது.

வென்றால் நம்மவர், தோற்றால் வந்தேறி

தம் கட்டுரையில் லுகாகு சுட்டிய மற்றொரு செய்தி, இன்று எல்லா நாடுகளுக்கும் பொருந்தும். தாம் நன்றாக ஆடும் நாட்களில் நாளிதழ்கள் தம்மைப் பெல்ஜிய வீரர் என்று எழுதுவதாகவும், சரியாக ஆடாத நாட்களில் காங்கோ வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதைச் சேர்த்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். குடியுரிமை பிறப்பால் கிடைத்தாலும், அது கோல்களால் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகிறது.

இந்த வரிகளை வாசிக்கும்போது நமக்கு வந்தனா கட்டாரியாவின் பெயர் நினைவுக்கு வராமல் இராது. அவரும் முன்கள வீராங்கனை. 2021 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து, ஒலிம்பிக் ஆட்டமொன்றில் அவ்வாறு அடித்த முதல் இந்தியப் பெண்ணானார். சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்துவார் அருகே அவரது குடும்ப வீட்டின் முன்பு ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சிலர் பட்டாசு வெடித்துக் கொண்டாடினர். அணியில் தலித்துகள் மிகுந்துவிட்டதே தோல்விக்குக் காரணம் என்று இழிவாகப் பேசியதாக அவரது குடும்பத்தார் காவல்துறையில் முறையிட்டனர். வென்றபோது நாட்டின் மகள். தோற்றபோது சேரியின் மகள்.

உடலையும் அறிவையும் பிரித்துவைக்கும் வருணனைக்கும் நம் வரலாற்றில் முன்னோடி உண்டு. தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலு, பூனாவில் ஆங்கிலேயர் சங்கத்தின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். ஆங்கிலேய ஆட்டக்காரர்களின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு வழங்கப்படவில்லை. 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்துக்கள் அணி அவருடைய பந்துவீச்சை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திக்கொண்டது. தேநீரை மட்டும் தனிக்குவளையில் தந்தது. அணித்தலைவர் பதவியை ஒருபோதும் தரவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அப்பதவியைப் பெறுவதற்குள் ஒரு தலைமுறையின் போராட்டம் கழிந்திருந்தது. தோள் வேண்டும், தலை வேண்டாம் என்பதே அன்றும் நிபந்தனை.

சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று இங்கே வாதிடவில்லை. தீட்டு, அகமணம், சமய அங்கீகாரம் ஆகியவற்றின் மீது நிற்கும் சாதியின் இயக்கம் தனித்தன்மை உடையது. ஆனால் உழைப்பவரின் திறனை அவர் பிறப்பின் இயல்பாகக் காட்டி, அதன் மூலம் அவர் கற்றதையும் சிந்தித்ததையும் மறைக்கும் உத்தி இரண்டுக்கும் பொது. பறையடிப்பவருக்கு அது இரத்தத்தில் ஊறியது என்று சொல்பவரும், கருப்பின வீரருக்கு வேகம் பிறவியிலேயே வந்தது என்று சொல்பவரும் புகழ்வதுபோலவே பேசுகிறார்கள். இருவருமே அந்தக் கலைஞர் பயின்ற ஆண்டுகளைக் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறார்கள்.

குறைகூறும் உரிமை

லுகாகுவின் ஆட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. நெருக்கடியான இடத்தில் பந்தின்மீது அவரது முதல் தொடுகை பலமுறை தவறுகிறது. 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக, முழு உடல்தகுதி பெறாத நிலையில் மாற்று வீரராக இறங்கி, அருகிலிருந்து கிடைத்த பல வாய்ப்புகளைத் தவறவிட்டார். கோலின்றி முடிந்த அந்த ஆட்டத்தோடு பெல்ஜியம் வெளியேறியது. 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்திலும் சமன் செய்யும் வாய்ப்பு அவர் தலைக்கு வந்தது. பந்து நேராக இலக்குக் காவலரிடமே சென்றது. 2021இல் 97.5 மில்லியன் பவுண்டுக்குச் செல்சிக்குத் திரும்பியவர், சில மாதங்களிலேயே பயிற்சியாளரின் முறையைப் பற்றி நேர்காணலில் அதிருப்தி தெரிவித்து அணியிலிருந்து சில நாட்கள் ஒதுக்கப்பட்டார். இவற்றையெல்லாம் குறைகூறுவது நிறவெறியாகாது. கருப்பின வீரரைக் குறைகூறவே கூடாது என்பதும் அவரைச் சமமாக நடத்தாமையின் மற்றொரு வடிவமே.

வேறுபாடு எங்கே என்றால், குறையின் காரணம் எங்கே தேடப்படுகிறது என்பதில். ஒரு வீரரின் உடல்தகுதியில், பயிற்சி முறையில், அணியின் அமைப்பில் காரணத்தைத் தேடுவது விமர்சனம். அவருடைய பிறப்பில், நிறத்தில், பெற்றோரின் நாட்டில் காரணத்தைத் தேடுவது ஆதிக்கம். இந்த அளவுகோலை மைதானத்துக்கு மட்டுமன்றி வகுப்பறைக்கும் தேர்வுக் குழுவுக்கும் கொண்டுசெல்லலாம். முதல் தலைமுறை மாணவர் ஒரு தாளில் தவறும்போது, அது அவர் கற்ற சூழலின் குறையாகப் பேசப்படுகிறதா, இட ஒதுக்கீட்டின் குறையாகப் பேசப்படுகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 2024 மே மாதம் பாங்காக் மாநாட்டில், இனவெறிக்கு ஆளாகும் வீரர் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டி நடுவருக்கு அறிவிக்கும் முறையை ஏற்றது. ஆட்டத்தை நிறுத்துதல், இடைநிறுத்துதல், கைவிடுதல் என்ற மூன்று படிகள் அதைத் தொடர்ந்து வர வேண்டும். இது முன்னேற்றமே. ஆனால் சான்றளிக்கும் சுமையை அது மீண்டும் இழிவுக்கு ஆளானவர் தோள்மீதே ஏற்றுகிறது. தூரினில் உதட்டில் விரல் வைத்ததற்கு வெளியேற்றப்பட்டவரின் நிலையை அறிந்த வீரர், கைகளைக் குறுக்கே வைக்கும் முன் ஒரு கணம் தயங்கக்கூடும். கேட்கும் காதுகள் நடுவரிடமும், பதிவு செய்யும் பொறுப்பு சங்கங்களிடமும், தண்டிக்கும் துணிவு கூட்டமைப்புகளிடமும் இருக்க வேண்டும். வருணனையாளர்களுக்கான பயிற்சியும், பயிற்சியாளர், நிர்வாகப் பதவிகளில் வெளிப்படையான தேர்வும் இதன் பகுதிகளாக வேண்டும்.

நம் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த முறை ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, பந்து இல்லாத நேரத்தில் முன்கள வீரர் எங்கே நகர்கிறார், எந்தத் தடுப்பாளரை இழுத்துச் செல்கிறார், யாருக்கு வழி விடுகிறார் என்று பாருங்கள். வருணனையாளர் அதற்கு என்ன பெயர் சூட்டுகிறார் என்பதையும் காதில் வாங்குங்கள். கல்லூரி அணித் தேர்விலும், உள்ளூர்ச் சங்கங்களிலும் யார் தலைவராகிறார், யார் ஓடுவதற்கு மட்டும் அழைக்கப்படுகிறார் என்பதைக் குறித்துவைத்துக் கேள்வி எழுப்புங்கள். பாலு நூற்றாண்டுக்கு முன் கேட்டு நின்ற அதே கேள்வியை, வேறு நாட்டில், வேறு விளையாட்டில் லுகாகுவின் தலைமுறை இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.